திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை இரவில் விடுதி அறையொன்றில் நான்கு தமிழ் மாணவர்கள் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இறுதியில் சினிமாவில்தான் வந்து நிற்கும். வேதியியல் படிப்பவர் பின்னணி இசையைப் பற்றித் தீர்ப்புக் கூறுவார். பொருளாதாரம் படிப்பவர் வசூலைக் கணக்கிடுவார். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கலைந்து சென்ற பிறகு, யார் காதிலும் விழாதபடி, "புனே கல்லூரிக்கு எப்படி விண்ணப்பம் போடுவது?" என்று கேட்பார். இக்கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

அவர் ஏன் இரகசியமாகக் கேட்கிறார் என்பது நமக்குத் தெரியாததன்று. வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் ஒன்று. நண்பர்கள் கேலி செய்வார்களே என்ற கூச்சம் மற்றொன்று. இவ்விரண்டையும் விடப் பெரியது, "எனக்கு அந்தத் திறமை உண்மையாகவே இருக்கிறதா, அல்லது படம் பார்க்கும் ஆசைதான் இருக்கிறதா?" என்ற ஐயம். விண்ணப்பத்திற்கு முறையாகத் தயார் செய்து கொள்வதே இந்த ஐயத்தைத் தீர்த்துக் கொள்ளும் வழியாகும். இடம் கிடைக்கலாம், கிடைக்காமற் போகலாம். ஆயினும் ஓராண்டுக் காலம் ஒழுங்காகத் தயார் செய்தவர் தம்மைப் பற்றி ஒரு தெளிவுக்கு வந்து விடுவார்.

கல்லூரிகள் தோன்றிய வரலாறு

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1949ஆம் ஆண்டில், திரைப்படத் தொழிலின் நிலையை ஆராய எஸ். கே. பாட்டீல் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1951இல் அக்குழு அளித்த அறிக்கையின் பரிந்துரைகளுள், திரைப்படக் கலைக்கென ஒரு பயிற்சி நிறுவனம் வேண்டும் என்பதும் ஒன்று. அதுவரை இத்தொழிலைக் கற்கப் பெரும்பாலோர்க்கு இருந்த வழி, ஸ்டூடியோவில் யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் கூடவே நின்று பார்த்துத் தெரிந்து கொள்வதுதான். 1960இல் புனே நகரில் அக்கல்லூரி தோன்றியது. அதற்குக் கிடைத்த இடம் சாதாரணமானதன்று. 1929இல் கோலாப்பூரில் தொடங்கி 1933இல் புனேக்கு வந்த பிரபாத் திரைப்படக் கம்பெனியின் பழைய ஸ்டூடியோ அது. "சந்த் துக்காராம்" போன்ற புகழ் பெற்ற மராத்திப் படங்கள் உருவான இடம். தொலைக்காட்சிப் பயிற்சி 1971இல் தில்லியில் தொடங்கி, 1974இல் புனேக்கு மாற்றப்பட்டது. இன்று அதனை இந்தியத் திரைப்படத் தொலைக்காட்சி நிறுவனம் என்கிறோம்.

கிழக்கே கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் மற்றொரு மத்திய அரசு நிறுவனம் 1995இல் அமைந்தது. இவ்விரண்டுக்கும் முன்னோடி நம் சென்னையில் இருந்தது என்பதைத் தமிழ் மாணவர் பலர் அறியார். 1945ஆம் ஆண்டிலேயே மத்தியத் தொழில்நுட்பப் பயிலகத்தில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடங்களாகக் கற்பிக்கப்பட்டன. அந்தத் துறையே வளர்ந்து, பலரும் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று அழைத்து வந்ததாகி, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம் அங்குப் பயின்றவர். 1986இல் வெளிவந்த "ஊமை விழிகள்" அக்கல்லூரி மாணவர்கள் ஒன்று கூடி உருவாக்கிய படம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

தரமணிக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டப் படிப்பு பள்ளி இறுதி முடித்தவர்களுக்கானது. புனேயிலும் கல்கத்தாவிலும் உள்ள நீண்ட காலப் படிப்புகளுக்கோ முதலில் ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பெரும்பாலான துறைகளுக்குப் பொருட்டன்று. வரலாறு படித்தவரும் வரலாம், இயந்திரப் பொறியியல் படித்தவரும் வரலாம். ஒலிப்பதிவுக்கு மட்டும் மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் படித்திருக்க வேண்டும் என்பது புனேயில் நெடுநாள் விதி. கலை இயக்கத்திற்கு ஓவியம், கட்டடக் கலை போன்றவற்றில் பயிற்சி எதிர்பார்ப்பார்கள். ஆகவே இப்போது நம்மிடையே இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படித்துக் கொண்டிருப்பவர்கள் காலம் தவறியவர்கள் அல்லர். தயார் செய்ய வேண்டிய தருணத்திலேயே இருக்கிறார்கள்.

புனேயில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்புகள். நடிப்பும் திரைக்கதையும் அவற்றினும் குறுகியவை. தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்புகள் உண்டு. கல்கத்தாவில் இவற்றுட் சிலவற்றோடு தயாரிப்பு, அசைவூட்டப் படம் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துறைக்கும் இடங்கள் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டே. அவற்றிலும் மத்திய அரசு விதிப்படி இட ஒதுக்கீடு உண்டு.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். சில நிறங்களைப் பிரித்தறிய இயலாத குறையுள்ளவர்களைப் புனே நிறுவனம் முன்பு சில துறைகளில் சேர்க்காமல் இருந்தது. தேர்வில் வென்ற பின்னும் இக்காரணத்தால் இடம் மறுக்கப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, இத்தகையோர்க்கும் எல்லாத் துறைகளிலும் இடம் உண்டு என்று தீர்ப்பளித்தது. படம் என்பது பலர் கூடிச் செய்யும் கலை. ஒருவர் கண்ணிலுள்ள குறையை மற்றொருவர் கண் ஈடு செய்யும். ஆதலின் பழைய விதியைக் கேள்விப்பட்டு ஒதுங்கி நிற்பவர் யாரேனும் இருந்தால் இனி ஒதுங்க வேண்டியதில்லை.

2025இல் புனே, கல்கத்தா நிறுவனங்கள் இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக் கழகத் தகுதி பெற்றன. இதனால் பட்டங்களின் பெயர்களும் சேர்க்கை முறையும் மாறக் கூடியவை. முன்பு சேர்ந்த அண்ணன் ஒருவர் சொன்னார் என்பதை மட்டும் நம்பி இருந்து விடாமல், அந்தந்த ஆண்டு நிறுவனமே வெளியிடும் அறிக்கையை வரி விடாமல் படிப்பதுதான் முதற் கடமை. கட்டணம், கடைசி நாள், வேண்டிய சான்றிதழ்கள் யாவும் அதில் இருக்கும்.

எந்தத் துறை?

விண்ணப்பப் படிவத்தில் மிகவும் கடினமான கேள்வி இதுவே. நம்மவருள் பத்தில் ஒன்பது பேர் சிந்தியாமல் "இயக்கம்" என்று எழுதி விடுவர். படத்தின் சுவரொட்டியில் அந்தப் பெயரையே பெரிதாகக் கண்டு பழகியதன் விளைவு இது. ஒலிப்பதிவைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் புனேயில் ஒலிப்பதிவு பயின்ற ரசூல் பூக்குட்டிதான் 2009இல் ஆஸ்கார் மேடையில் ஏறினார்.

பாலு மகேந்திராவின் வரலாறு இவ்விடத்தில் நினைவு கூரத் தக்கது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, கடல் கடந்து புனேக்கு வந்தவர் அவர். வேறு துறைகளில் இடம் கிடைக்காமையால் ஒளிப்பதிவில் சேர்ந்தார். கிடைத்ததைக் குறையாக எண்ணி மூன்றாண்டுகளைக் கழித்து விடவில்லை. 1969இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். மலையாளத்தில் "நெல்லு" படத்தின் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, பின்னர் தாமே இயக்குநராகி, "அழியாத கோலங்கள்", "மூன்றாம் பிறை", "வீடு" முதலிய படங்களைத் தந்தார். "மூன்றாம் பிறை" ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றது. அவரிடம் உதவியாளர்களாக இருந்த பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் வழியாக, புனேயில் அவர் கற்றதில் ஒரு பகுதி புனேயைப் பார்த்தே இராத இளைஞர்களுக்கும் சென்று சேர்ந்தது.

இதிலிருந்து, "ஏதாவது ஒரு துறையில் நுழைந்தாற் போதும்" என்ற முடிவுக்கு வந்து விடலாகாது. நுழைந்த துறையை அவர் எப்படி ஆண்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஒரு படம் பார்த்து வந்த பின் உம் நினைவில் முதலில் நிற்பது எது என்று கேட்டுப் பாரும். ஜன்னல் வழியே விழுந்த வெளிச்சமா? ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி வந்த விதமா? வசனம் நின்ற பிறகு கேட்ட மழையின் ஓசையா? அந்த வீட்டுச் சமையலறையில் பாத்திரங்கள் அடுக்கியிருந்த முறையா? இருபது படங்களுக்கு இவ்வாறு குறித்து வைத்தால் உம்முடைய துறை எது என்பதை அந்தக் குறிப்பேடே சொல்லி விடும்.

தேர்வு எதைச் சோதிக்கிறது?

பல ஆண்டுகளாக நடந்து வரும் முறையில், முதலில் எழுத்துத் தேர்வு. அதில் ஒரு பகுதி அனைவருக்கும் பொதுவான குறுவினாக்கள். மற்றொரு பகுதி, விரும்பும் துறையைப் பற்றி விரிவாக எழுதும் தாள். அதில் தேறியவர்களை அழைத்து நேர்முகம் காண்பார்கள்.

பொது வினாக்களுக்குச் செய்தித்தாள் வாசிப்பும், இலக்கியம், ஓவியம், இசை, திரைப்பட வரலாறு ஆகியவற்றில் ஓரளவு பழக்கமும் போதும். விரித்து எழுதும் தாளே ஆளை வேறு பிரிப்பது. அதற்குக் கண்ணும் காதும் பழகியிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாகச் சில கூறுகிறேன்.

ஒளிப்பதிவு விரும்புபவர் ஒளியைக் கணக்காகவும் அறிய வேண்டும், உணர்வாகவும் அறிய வேண்டும். லென்ஸின் துளையை 2.8 என்ற எண்ணிலிருந்து 4க்கு மாற்றினால் உட்புகும் ஒளி பாதியாகும், அதே சமயம் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். இது கணக்கு. காலை ஏழு மணிக்கு விடுதி வராந்தாவில் விழும் வெயிலும் மாலை ஐந்து மணிக்கு விழும் வெயிலும் ஒரே முகத்தை எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்று சொல்லத் தெரிவது உணர்வு.

ஒலிப்பதிவு விரும்புபவர்க்கு ஒரு சிறு கணக்கு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகிறது. ஆகவே ஒரு பிரேம் ஓடும் நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர்தான் கடக்கும். திரையிலிருந்து 28 மீட்டர் தள்ளிப் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு, உதடு அசைந்து இரண்டு பிரேம்கள் கழிந்த பின்னரே குரல் வந்து சேரும். பள்ளிப் பௌதிகம் இங்கே கலையாகி விடுகிறது.

படத்தொகுப்புக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்வார்கள். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ருஷ்ய நாட்டு லெவ் குலெஷோவ், உணர்ச்சி ஏதும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, ஒரு முறை உணவுக் கிண்ணத்தோடும் ஒரு முறை சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரத்தையும் கண்டார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வந்த படம்தான் மாறியது. இதனை மனப்பாடம் செய்து எழுதுவதால் பயனில்லை. நேற்றுப் பார்த்த தமிழ்ப் படத்தில் இது எங்கே நிகழ்ந்தது என்று காட்டத் தெரிய வேண்டும்.

நேர்முகத்தில் பிடித்த படம் எது என்று கேட்டால், பலர் தாம் பாதியில் தூங்கி விட்ட ஐரோப்பியப் படத்தின் பெயரைச் சொல்லி மாட்டிக் கொள்வர். அடுத்த கேள்வி "ஏன்?" என்பதாகவே இருக்கும். பத்து முறை பார்த்த பழைய சிவாஜி படத்தைச் சொல்லி, அதில் ஒரு காட்சி எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது என்று விளக்குபவர்க்கு அந்த "ஏன்?" அச்சம் தராது.

ஓராண்டுப் பயிற்சி

பணச் செலவில்லாத பயிற்சிகளே இதற்கு நல்லவை. விடுமுறைக்குத் தில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் செல்லும்போது, ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கொண்டு கேட்டவற்றை எல்லாம் பின்னர் எழுதிப் பாரும். போபாலில் தேநீர் விற்பவன் குரலும், விஜயவாடாவில் இட்லி விற்பவன் குரலும், பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது சக்கரத்தின் ஓசை மாறுவதும், பக்கத்து இருக்கைப் பாட்டி பேசும் தமிழ் எந்த மாவட்டத்துத் தமிழ் என்பதும் அதில் வர வேண்டும். அடுத்த முறை காதை விட்டு விட்டுக் கண்ணால் மட்டும் கண்டவற்றை எழுதும். மூன்றாம் முறை, அதே பெட்டியில் நிகழும் ஒரு சிறு கதையை வசனமே இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதும். மூன்றாவதுதான் மிகக் கடினம். "அவன் வருந்தினான்" என்று எழுத முடியாது. வருந்தியவன் என்ன செய்தான் என்றுதான் எழுத வேண்டும். வாங்கிய தேநீரை அவன் குடிக்காமலே கையில் வைத்திருந்தான் என்று எழுதத் தோன்றினால் நீர் வழிக்கு வந்து விட்டீர்.

ஒரே படத்தை மூன்று முறை பார்ப்பது, மூன்று படங்களை ஒரு முறை பார்ப்பதை விட நன்று. இரண்டாம் முறை ஒலியை நிறுத்தி விட்டுப் பாரும். மூன்றாம் முறை திரையைப் பாராமல் ஒலியை மட்டும் கேளும். கைப்பேசியில் எல்லோரும் படம் எடுக்கும் காலம் இது. ஒரே மரத்தை ஒரு நாளின் ஆறு வேளைகளில் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

மொழி தடையாகுமா?

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடப்பதுதான் வழக்கம். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்தவர்க்கு இது ஒரு சுமையே. அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் கேட்பது அலங்கார ஆங்கிலமன்று. சிறு சிறு வாக்கியங்களில் கண்டதைச் சொல்லத் தெரிந்தாற் போதும். மேலே சொன்ன குறிப்பேட்டைத் தமிழில் எழுதி, வாரம் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் மாற்றி எழுதிப் பழகினால் ஓராண்டில் இக்குறை பெரிதும் நீங்கும்.

உள்ளே சென்ற பிறகு தாய்மொழி தடையன்று. அதுவே கையிருப்பு. மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக் மருத்துவம் படித்துவிட்டுப் புனேயின் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பில் சேர்ந்தவர். ஒரு கிழவி சேவலைத் திருடிச் சென்றதால் ஊரில் பொழுது விடியவில்லை என்ற கன்னட நாட்டுக் கதையைப் பயிற்சிப் படமாக எடுத்தார். அது 2024இல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் முதற் பரிசு பெற்றது. அதே ஆண்டு, அதே விழாவில், புனேயில் பயின்ற பாயல் கபாடியாவின் படம் கிராண்ட் பிரி பரிசை வென்றது. மும்பையில் வேலை செய்யும் மலையாளச் செவிலியரின் கதை அது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளும், வேலை தேடி வெளியூர் சென்ற நம் அக்காமார் எழுதிய கடிதங்களும் இவற்றிற்குக் குறைந்தவையா என்ன?

வீட்டாரிடம் என்ன சொல்வது?

இறுதியாக, பலரும் அஞ்சும் இடத்திற்கு வருவோம். பெற்றோரிடம் பொய்யுரைக்க வேண்டாம். இப்படிப்பு வேலைக்கு உறுதி தருவதில்லை. புனேயில் மூன்றாண்டுப் படிப்பு அதற்கு மேலும் நீண்டதுண்டு. 2015இல் மாணவர் வேலை நிறுத்தம் 139 நாட்கள் நடந்தது. இவையும் தெரிந்திருக்கட்டும். கல்லூரி வாசலை மிதியாமலே பெரிய இயக்குநர்கள் ஆனவர்கள் தமிழில் பலர் என்பதையும் அவர்கள் எடுத்துச் சொல்வார்கள். பாரதிராஜா உதவி இயக்குநராக இருந்து கற்றவர். பாலச்சந்தர் அரசாங்க அலுவலில் இருந்து கொண்டே நாடகம் எழுதியவர். அந்த வாதத்தில் உண்மை உண்டு. கல்லூரி ஒரு வழியே அன்றி ஒரே வழி அன்று.

கல்லூரி தருவது வேறு. பிழை செய்வதற்கு அங்கே இடமுண்டு. பிறர் பணத்தில் எடுக்கும் படத்தில் முதற் பிழையே கடைசிப் பிழையாகி விடக் கூடும். வகுப்பில் செய்த பிழை ஒரு பாடமாகும். மேலும், ஐந்து துறைகளைக் கற்போர் ஒரே விடுதியில் இருந்து ஒருவர் படத்துக்கு மற்றவர் உழைப்பது, பிற்காலத்தில் கிடைத்தற்கரிய செல்வம். வேண்டுமாயின் முதலில் சில வாரங்கள் நடக்கும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து பார்த்து விட்டு, பிறகு முடிவு செய்கிறேன் என்று கேட்கலாம். அது பெற்றோருக்கும் ஆறுதலாக இருக்கும்.

அடூர் கோபாலகிருஷ்ணன் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பட்டம் பெற்றவர். பின்னர் புள்ளிவிவரம் சேகரிக்கும் அரசாங்க வேலையில் இருந்தார். அந்த நிலையான வேலையை விட்டு 1962இல் புனேயில் சேர்ந்தார். அவருடைய முதல் முழுநீளப் படமான "சுயம்வரம்" 1972இல் வந்தது. இடையில் பத்தாண்டுகள்! இந்தக் கணக்கைப் பெற்றோர் முன் வைக்கும் துணிவு உமக்கு இருக்குமாயின், அவர்கள் உடனே இசையாவிட்டாலும், விளையாட்டாகக் கேட்கவில்லை என்பதையாவது அறிந்து கொள்வார்கள்.

ஆகவே, நண்பரே, விண்ணப்பத்திற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கும். முதற் பக்கத்தில் இன்று கண்ட ஒரு முகத்தை எழுதும். நாற்பது பக்கமும் நிரம்பிய பிறகும் எழுத ஆசை மிஞ்சியிருந்தால் படிவத்தை நிரப்பி அனுப்பும். ஐந்தாம் பக்கத்திலேயே சலிப்புத் தட்டினால் அதனாலும் இழப்பில்லை. படம் பார்த்து மகிழ்வதும் நல்ல பழக்கமே. அப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீரும் வாய் திறந்து நன்றாகப் பேசலாம்.